22 மாதம் ஆகியும் பேச்சு இல்லை: 3 வயது வரை பொறுக்கலாமா, இப்போதே தெரபிக்குப் போகலாமா?

கொடைரோடு எழுதியது:

வணக்கம். பையனுக்கு 22 மாதம் முடிந்துவிட்டது. நடை சரியான வயதில் வந்தது, ஓடுகிறான், ஜன்னல் கம்பி பிடித்து ஏறுகிறான், சாப்பாடு தூக்கம் எதிலும் பெரிய குறை இல்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட கிடையாது. வேண்டியது இருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருள் மேல் வைக்கிறான், விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், பல நேரம் இல்லை. அதே பையன் அடுத்த அறையில் யூடியூப் பாட்டு கேட்டால் ஓடி வந்துவிடுவான், அதனால் காதில் கோளாறு இல்லை என்றுதான் நினைக்கிறோம்.

வழக்கமாகக் காட்டும் டாக்டர் "ஆம்பளப் பையன், 3 வயசு வரை பாக்கலாம்" என்றார். மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். கணவரின் சித்தப்பா 4 வயதில்தான் பேசினாராம், இப்போது அவரிடம் மாட்டினால் தப்ப முடியாது என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம் ஒரு தெரபி சென்டரில் போன் செய்தால், பிள்ளையைப் பார்க்காமலே மாதப் பேக்கேஜ் பேசுகிறார்கள். திண்டுக்கல் பக்கம் இருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

பனங்காய் எழுதியது:

பதறாதீங்க சகோதரி. என் மகளும் ரெண்டரை வயசு வரை "ம்மா", "தா" தவிர எதுவும் சொல்லவில்லை. ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். இப்போது மூணாம் வகுப்பு, வகுப்பில் பேசியதற்காகப் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிற அளவுக்கு வாய். நான் எல்லாரையும் சொல்லவில்லை, ஆனால் இந்தத் தெரபி சென்டர்களில் பாதி பெற்றோரின் பயத்தை வைத்துப் பிழைக்கிறவை. மொபைலைப் பிடுங்கி வையுங்கள், தெருப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், தானாக வரும்.

கூழாங்கல் எழுதியது:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், மதுரையில் வேலை. பனங்காய் அண்ணன் சொல்வதில் உண்மை உண்டு. பேச்சு தாமதமாகும் பிள்ளைகளில் கணிசமான பேர் தானாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் யார் பிடிப்பார்கள், யாருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதை வார்த்தையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அண்ணன், உங்கள் மகள் அந்த வயதில் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் போய் எடுத்து வந்திருப்பாள், காக்காயைப் பார்த்தால் விரல் நீட்டி உங்களைத் திரும்பிப் பார்த்திருப்பாள், டாட்டா காட்டியிருப்பாள். சரிதானே? பேச்சு மட்டும் பின்தங்கி, புரிதலும் சைகையும் ஆளோடு ஒட்டுதலும் சரியாக இருந்தால் அது ஒரு கதை. கொடைரோடு அக்கா சொல்வது வேறு கதை. விரல் நீட்டல் இல்லை, பேருக்குத் திரும்பல் குறைவு, அடுத்தவர் கையைக் கருவி மாதிரி பயன்படுத்துகிறான், 22 மாதத்தில் வார்த்தையே இல்லை. இது ஆட்டிசம் (ஆட்களோடு பழகுவதும் பேச்சுப் பரிமாற்றமும் வேறு மாதிரி வளர்கிற நிலை) என்று நான் சொல்லவில்லை, இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் 3 வயது வரை சும்மா இருக்கிற நிலைமையும் இது இல்லை.

முதல் வேலை காது. பாட்டுக்கு ஓடி வருகிறான் என்பதால் காது சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாழ்ந்த சுருதி ஒலி கேட்டு, "ஸ" மாதிரி உயர்ந்த சுருதி ஒலி கேட்காத பிள்ளைகள் உண்டு. சளியால் நடுக்காதில் நீர் தேங்கி, ஒரு மாதம் கேட்டு ஒரு மாதம் மந்தமாகிற பிள்ளைகளும் உண்டு. ஓ.ஏ.ஈ., பெரா என்று இரண்டு டெஸ்ட், ஊசி கிடையாது, வலி கிடையாது. பிறந்த 1 மாதத்துக்குள் காது சோதனை, குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு (அறுவை செய்து காதில் பொருத்தும் கேட்கும் கருவி) 6 வயது வரம்பு இருக்கிறது, தாமதமாகக் கண்டுபிடித்தால் அந்தக் கதவும் மூடிவிடும். தைராய்டு குறைவாலும் வளர்ச்சி தாமதமாகலாம், அந்த டெஸ்ட் பிறந்தபோது செய்யவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஆட்டிசம் சந்தேகம் உண்டா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விப் பட்டியல், 16 முதல் 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கு. தமிழிலும் இருக்கிறது. அதில் மதிப்பெண் கூடினால் நோய் என்று அர்த்தம் இல்லை, முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

வசம்பு பேச்சு கொண்டுவராது. வேண்டாம் என்றே சொல்லுங்கள், என் பேரில் பழியைப் போடுங்கள்.

பழைய_பால்வாடி எழுதியது:

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணு, போன் பேக்கேஜுக்கு முன்னால் அரசாங்கத்தில் இருப்பதைப் பார். ஆர்.பி.எஸ்.கே. என்று 2013-ல் வந்த திட்டம், பிறந்ததிலிருந்து 18 வயது வரைக்கும். டாக்டர், நர்ஸ் எல்லாம் வண்டியில் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 தடவை வந்து பிள்ளைகளைப் பார்க்கணும், பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் நாலும் அவர்கள் கணக்கில் வரும். சந்தேகம் என்றால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குச் சீட்டு எழுதுவார்கள். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் காட்டுவார்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ இருக்கும். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண், பல் எல்லாம் ஒரே இடத்தில் என்பது திட்டம். எல்லா ஊரிலும் எல்லா நாற்காலியிலும் ஆள் இருக்கிறார்களா என்று கேட்காதே. ஆனால் பைசா கேட்க மாட்டார்கள், வண்டி வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம், நேரே போகலாம்.

உன் தடுப்பூசி அட்டையைத் திருப்பிப் பார், அதிலேயே எந்த மாதத்தில் என்ன செய்யணும் என்று படம் போட்டிருக்கும். ஊசித் தேதிக்கு மட்டும்தான் அதை எல்லாரும் திறக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் குழந்தை வளர்ச்சி மையம் ஒன்று இருக்கிறதே, அவர்கள் போட்ட அட்டவணை இன்னும் சுலபம். 2 வயது வரைக்கும் மொத்தம் 17 வரிதான். பிள்ளையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நிறுத்தி வைத்தால், பென்சிலுக்கு இடது பக்கம் முடிந்துபோன வரி எதையாவது பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால் அனுப்பி வைக்கணும். படித்தவர்தான் பார்க்கணும் என்று இல்லை.

பனங்காய் எழுதியது:

கூழாங்கல் கேட்டதற்குப் பதில்: ஆமாம், என் மகள் சொன்னதெல்லாம் செய்வாள், விரல் நீட்டியே ஊரை ஆண்டாள். வித்தியாசம் புரிகிறது. ஆனால் என் கவலை வேறு. ஒரு தடவை "தாமதம்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிவிட்டால் அது பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. பெரிய பேர் எதையும் ஒட்டாமல் உதவி மட்டும் கிடைக்குமா?

எடிசன்_தமிழன் எழுதியது:

பனங்காய் கேட்பது நியாயமான கேள்வி, இங்கே நியூஜெர்சியில் அப்படித்தான் நடக்கிறது. 1986-லேயே அமெரிக்காவில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது, பிறந்ததிலிருந்து 3 வயது வரை. நோயின் பேர் தேவையில்லை, வயதுக்குரியதில் மாநிலம் வைத்திருக்கும் அளவுக்குப் பின்தங்கியிருந்தால் போதும். டாக்டர் சீட்டும் வேண்டாம், பெற்றோர் போன் செய்தாலே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், 45 நாளுக்குள் பரிசோதித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் எழுத வேண்டும். என் மகளுக்கு வீட்டுக்கே வந்தார்கள். வந்த அம்மா பையைத் திறந்து பொம்மை எடுப்பார் என்று பார்த்தால், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து "இவள் கரண்டியோடு விளையாடுகிறாளே, அதையே செய்யலாம்" என்றார். எங்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது, இதற்கா இவ்வளவு படித்துவிட்டு வந்தார் என்று.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆள் பற்றாக்குறை இங்கேயும் உண்டு. 3 வயது முடிந்த அன்றைக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திப் பள்ளி மாவட்டத்திடம் தள்ளிவிடுவார்கள், அங்கே புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

தெற்குமேடு எழுதியது:

வீட்டுக்கு வந்து செய்வது அமெரிக்காவில்தான் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் தென்காசி பக்கம். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-ல் ராமகிருஷ்ணன் ஐயா தொடங்கியது, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே. அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீடு வீடாக வந்து பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், பின்னால் இருந்து பிசியோவும் மற்றவர்களும் செயலி வழியாக வழி சொல்கிறார்கள். என் மகன் 7 மாதத்தில் பிறந்த குறைமாதக் குழந்தை, மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத நிலை). எங்களுக்கு வந்த அந்த அக்கா இல்லையென்றால் மலையடிவாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி எப்படிப் போயிருப்பேன்?

இந்த இழை பேச்சைப் பற்றியே போகிறது, கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. குறைமாதம் என்றால் வயதைப் பிள்ளை பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவம் ஆகும் என்று டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், 2 வயது வரைக்கும் அப்படித்தான். அப்படி எண்ணிய பிறகும் 4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, கை எப்போதும் முஷ்டி பிடித்தே இருக்கிறது, தூக்கினால் கால் இரண்டும் பின்னிக்கொள்கிறது, 1 வயதுக்கு முன்பே ஒரே கையால்தான் எடுக்கிறான் என்றால் உடனே காட்டுங்கள். "சின்னதிலேயே இடதுகைப் பழக்கம்" என்று சிரித்துக்கொண்டு விடாதீர்கள். இப்போதெல்லாம் கைக்குழந்தை மல்லாந்து அசைவதை வீடியோ எடுத்துப் பார்த்தே, பயிற்சி பெற்றவர்கள் 5 மாதத்துக்கு முன்னாலேயே மூளை முடக்குவாத ஆபத்தைச் சொல்கிறார்கள். என் மகன் 6 வயதில் வாக்கர் வைத்து நடக்கிறான். சீக்கிரம் ஆரம்பித்தோம் என்பதால் குணமாகிவிட்டது என்று இல்லை. கால் இறுகிப்போகாமல் காத்தோம், சாப்பிடக் கற்றுக்கொண்டான், பள்ளிக்குப் போகிறான்.

கொடைரோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டி.இ.ஐ.சி. போக முடிவு செய்துவிட்டோம், கணவரும் சரி என்றுவிட்டார். அதுவரைக்கும் வீட்டில் என்ன செய்யட்டும்? ஒரு கடையில் ஆங்கிலப் படஅட்டை வாங்கி வந்தேன், ஒரு அட்டையைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறான். இன்னொன்று, நான் போன் செய்த அதே சென்டரில் "வீட்டில் இனிமேல் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு பாஷை குழப்பும்" என்றார்கள். எனக்கே தடுமாறும் இங்கிலீஷ்.

கூழாங்கல் எழுதியது:

இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இதுதான். பிள்ளைக்குப் பேச்சு கொடுக்க வேண்டியவர் நீங்கள், உங்கள் அம்மா, உங்கள் மாமியார். உங்கள் எல்லாரையும் வராத மொழியில் பேசச் சொன்னால் வீட்டில் பேச்சே பாதியாகக் குறைந்துவிடும். கொஞ்சுவது, அதட்டுவது, சிரிப்பு காட்டுவது எல்லாம் எந்த மொழியில் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள். அட்டையை அலமாரியில் வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதைத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாடம் மாதிரி செய்யாதீர்கள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மாவு அரைப்பது, துணி மடிப்பது என்று ஏற்கெனவே நடக்கிற வேலைக்குள்ளேயே செய்ய வேண்டும். அவன் முகத்துக்கு நேராக, அவன் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சக்கரத்தைச் சுற்றுகிறானா, பிடுங்காமல் நீங்களும் இன்னொரு சக்கரத்தைச் சுற்றி "சுத்து... சுத்து..." என்று நிறுத்துங்கள். அவன் உங்களைப் பார்ப்பான். அந்தப் பார்வைதான் நமக்கு வேண்டியது. குளிக்கும்போது "தண்ணி... தண்ணி..." என்று சொம்பைத் தூக்கிப் பிடித்துக் காத்திருங்கள், மனதுக்குள் பத்து எண்ணும் வரை. பெரும்பாலான அம்மாக்களால் முடியாதது இந்தக் காத்திருப்புதான். பிள்ளை கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறோம்.

பிடித்த பிஸ்கட்டை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பாவில் அவனால் திறக்க முடியாதபடி மூடிக் கையில் கொடுங்கள். திருப்பி உங்களிடம் நீட்டினால் அது ஒரு வாக்கியம். "திற" என்று சொல்லித் திறந்து கொடுங்கள், "சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைக்காதீர்கள், அழுகைதான் மிஞ்சும். வாழைப்பழமா பாலா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள், கண் எந்தப் பக்கம் போகிறதோ அதைக் கொடுத்து அதன் பேரைச் சொல்லுங்கள். விரல் நீட்ட அவன் விரலைப் பிடித்துக் காட்டலாம், தவறில்லை.

யூடியூப் விஷயத்தில் பனங்காய் அண்ணன் பக்கம்தான் நான். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே 2021-ல் சொன்னது. மொபைல் ஆட்டிசத்தைக் கொண்டுவரும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். ஆனால் மொபைல் ஓடும் நேரத்தில் உங்கள் முகத்தை அவன் பார்ப்பதில்லை.

இதெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள். தெரபிஸ்ட் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஊழியர்கள், அம்மா அப்பா பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்துப் பேசினார்கள். பெற்றோர் பதில் கொடுக்கும் விதம் மாறியது, பிள்ளை தானாக வந்து தொடங்குவதும் கூடியது.

வல்வை எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு மருத்துவமாது (தாய் சேய் நலம் பார்க்கும் அரசாங்க ஊழியர்) வீட்டுக்கே வருவா, பிள்ளை பிறந்தவுடன் தரும் கிளினிக் கொப்பியில் எல்லாம் பதிவா. என் பெறாமகனுக்கு (தங்கச்சியின் மகன்) அவதான் முதலில் சந்தேகப்பட்டவ. அதற்குப் பிறகு தமிழில் கதைக்கிற ஸ்பீச் தெரபிஸ்டைத் தேடுவதுதான் பெரிய பாடு. கூழாங்கல் எழுதியதை அப்படியே அச்செடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு சந்தேகம், பிள்ளையின் தகப்பன் வெளிநாட்டில், வாட்ஸப் வீடியோவில் மட்டும்தான் பார்க்கிறார். அதுவும் திரைக் கணக்கில் வருமோ?

கூழாங்கல் எழுதியது:

வல்வை அக்கா, அது கணக்கில் வராது. மறுமுனையில் ஒரு ஆள் பிள்ளைக்குப் பதில் சொல்கிறாரே. அப்பாவை ஒளிந்து விளையாடச் சொல்லுங்கள், கேள்வி மட்டும் கேட்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

காகித வேலை பற்றி யாரும் எழுதவில்லை, அது என் துறை (வேறு வழியில்லாமல் ஆனது). பனங்காய் அண்ணே, டி.இ.ஐ.சி. பயிற்சிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் எதுவும் தேவையில்லை, புறநோயாளிச் சீட்டு போதும். யாரும் எதையும் ஒட்ட மாட்டார்கள். பின்னால் தேவைப்பட்டால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பேச்சுக் குறைபாடு எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், வளர்ந்த பிறகு மறுபடி பார்ப்பார்கள். அதை வைத்து யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), பஸ் பாஸ் வாங்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. இதை முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. சென்னைக்கு வருபவர்கள் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் (நிப்மெட், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது) 2021 முதல் சின்னப் பிள்ளைகளின் ஆரம்பப் பயிற்சிக்கென்றே தனி மையம் நடக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநில அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் 'விழுதுகள்' மையங்களும் திறந்துவருகின்றன, உங்கள் ஊரில் இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தனியார் சென்டர்தான் வழி என்றால், ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் இருவரிடமும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், கேட்டால் முகம் சுளிக்கிறவர்களிடம் போகாதீர்கள். அம்மாவை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற இடமும் வேண்டாம். 3 மாதத்தில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். யாராவது ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைச் செய்யக் கூடாது, செய்தால் தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022-ல் சொல்லிவிட்டது.

பனங்காய் எழுதியது:

சான்றிதழ் இல்லாமலே பயிற்சி என்பது தெரியாது. அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு பிள்ளையைத் தெருவில் விளையாட விடுங்கள். தெரபி தெரபி என்று அதுவும் ஒரு டியூஷன் ஆகிவிடக் கூடாது.

தெற்குமேடு எழுதியது:

அது ரொம்ப சரி அண்ணா. கொடைரோடு, இன்னொன்று. "நீ வேலைக்குப் போனதாலதான்", "நீ பேச்சு கொடுக்கலை" என்று உங்களைத்தான் சொல்வார்கள். கணவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். மாமியார் வந்தால் இன்னும் நல்லது.

கொடைரோடு எழுதியது:

மாமியார் வருகிறேன் என்றுவிட்டார்! வியாழக்கிழமை போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? பெரா டெஸ்டும் அன்றே இருக்கலாம் என்று போனில் சொன்னார்கள்.

பழைய_பால்வாடி எழுதியது:

பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஆதார். மாமியார் வசம்பை எடுத்து வராமல் பார்த்துக்கொள். வீட்டில் அவன் கை பிடித்து இழுப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, விளையாடுவது எல்லாம் போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து வை, ஆஸ்பத்திரியில் போய் நின்றால் எந்தப் பிள்ளையும் வேறு பிள்ளையாகிவிடும். பெரா பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அதனால் முந்தின நாள் ராத்திரி நேரம் கழித்துப் படுக்கவை, காலையில் சீக்கிரம் எழுப்பிவிடு. பஸ்ஸில் மட்டும் கண்ணயர விடாதே, ஜன்னலோரம் உட்கார வைத்து ஏதாவது காட்டிக்கொண்டே வா. வழியிலேயே தூங்கி எழுந்துவிட்டால் அங்கே தூங்க மாட்டான், இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். பால் எப்போது கொடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு கொடு.